உங்களுக்குத் தெரியுமா? ஆள் அரவத்தில் விழிக்கும் லேப்டாப்

உளுந்து அளவில் ஒரு கண்

மூடாமல் மேசையில் விட்டுப்போன லேப்டாப், நீங்கள் திரும்பி வந்து நாற்காலியை இழுப்பதற்குள் தானாகவே வெளிச்சம் காட்டி முகத்தைத் தேடுகிறதா? அதில் ஆள் உணரி இருக்கிறது. 2019 ஜனவரியில் டெல் நிறுவனம் லாடிட்யூட் 7400 டூ-இன்-ஒன் மாடலை இந்த வசதியோடு அறிமுகப்படுத்தியது. பிறகு லெனோவோ, எச்பி என்று அலுவலக ரக லேப்டாப்கள் பலவற்றுக்கும் பரவிவிட்டது. திரையின் மேல் விளிம்பில், கேமராவை ஒட்டி, உளுந்து அளவுக்கு ஒரு கறுத்த கண்ணாடிப் பொட்டு தெரிந்தால் அதுவாக இருக்கலாம்.

உள்ளே நடப்பது தூரக் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பு ஒன்று கிளம்பி, உங்கள் மேல் பட்டுத் திரும்பும். போய்வர ஆன நேரத்தை வைத்து நீங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்று கணக்காகும். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோ விநாடி. அந்த நேரத்தில் ஒளி 30 செ.மீ. போகும். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கும் ஆளைத் தொட்டுத் திரும்ப 4 நானோ விநாடி போதும். இதை அளக்கும் சில்லுகளில் சில 5 மி.மீ. நீளம்கூட இல்லை.

அது நம்மைப் படம் பிடிக்கிறதா?

தூரம் அளக்கும் உணரிக்குப் படமே தெரியாது. எஸ்.டி. மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் தயாரிக்கும் ஓர் உணரி தன் முன்னால் உள்ள பரப்பை எட்டுக்கு எட்டு, 64 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் தூரத்தையும் சொல்லும். சாதாரண 720பி வெப்கேமராவில் 9 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் உண்டு. 64 கட்டத்தை வைத்து ஆள் இருக்கிறார், இல்லை என்று சொல்லலாமே தவிர, யாரென்று சொல்ல முடியாது.

ஆனால் சில மாடல்களில் கேமராவே குறைந்த மின்சாரத்தில் விழித்திருந்து இந்த வேலையைச் செய்கிறது. அந்தத் தகவல் கருவிக்குள்ளேயே அலசப்படுகிறது, படம் எதையும் தாங்கள் சேகரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. விண்டோஸ் 11-இல் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் ‘பிரசன்ஸ் சென்சிங்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். எந்தெந்தச் செயலிக்கு இந்தத் தகவல் போகலாம் என்பதை அங்கே நீங்களே முடிவு செய்யலாம். அந்தத் தலைப்பே இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பில் விண்டோஸுக்குத் தெரிந்த ஆள் உணரி இல்லை.

டிவி ரிமோட்டும் இதே ஒளிதான்

இந்த உணரிகள் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பயன்படுத்துகின்றன. டிவி ரிமோட்டின் நுனியில் இருக்கும் விளக்கும் பெரும்பாலும் அதே ரகம். ரிமோட்டை செல்போனின் முன்பக்க கேமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு இருட்டாக இருக்கும் நுனி, திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும்.

ஏன் 940? காற்றிலுள்ள நீராவி சூரிய ஒளியில் அந்த அலைநீளத்தை ஓரளவு விழுங்கிவிடுகிறது. அதனால் வெயிலின் தொந்தரவு அங்கே குறைவு. குறைவுதானே தவிர இல்லாமல் போவதில்லை. கோவில்பட்டியில் சித்திரை மாத வெயில் நேராக விழும் வாசல் திண்ணையில் லேப்டாப்பை வைத்தால், உணரி எட்டிப் பார்க்கும் தூரம் சுருங்கிவிடும். எதிரே ஆள் இருந்தும் இல்லையென்று எண்ணித் திரையை அணைக்கலாம்.

அடுத்தது கரிசல் புழுதி. மேற்கிலிருந்து மேகாத்து வீசும் மாதங்களில் கதவைச் சாத்தினாலும் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசியும் விரல் ரேகைப் பிசுக்கும் கண்ணாடிப் பொட்டின் மேல் படிந்தால், கிளம்பிய ஒளி அங்கேயே சிதறி உள்ளே திரும்பும். சில நேரம் உணரி அதைப் பக்கத்தில் ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுந்து போன பிறகும் பூட்டாமல் இருக்கிற லேப்டாப்பைப் பழுது பார்ப்பதற்கு முன், மெல்லிய உலர்ந்த துணியால் அந்தப் பொட்டைத் துடைத்துவிடுங்கள். பேசும்போது செல்போன் திரை கறுத்துப் போய், காதிலிருந்து எடுத்த பிறகும் வெளிச்சம் வராமல் அடம்பிடிப்பதற்கும் பல நேரம் காரணம் இதே அழுக்குதான்.

மே மாதத்தில் திணறும் விளக்கு

ஏ.டி.எம். அறை, ஓட்டல் கழிப்பறை, அடுக்குமாடிப் படிக்கட்டு ஆகிய இடங்களில் ஆள் வந்ததும் எரியும் விளக்குகளில் இருப்பது வேறு ரகம். அது ஒளியை அனுப்பாது. நம் உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர், பின்னணியின் வெப்பத்தைவிட மாறுபட்டு நகர்கிறதா என்று பார்க்கும். மனிதத் தோலின் வெப்பம் சுமார் 33, 34 டிகிரி. அந்த வெப்பத்தில் கதிர்வீச்சு 9.4 மைக்ரோமீட்டர் அருகே உச்சமாக இருக்கும். சுவரும் தரையும் 25 டிகிரியில் இருந்தால் ஆள் பளிச்சென்று தெரிவார். சுவரே 35 டிகிரிக்குக் கொதித்தால் ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் காண அந்த உணரிக்குச் சிரமம். கரிசல் சீமையின் கோடைப் பிற்பகலில் இந்த விளக்குகள் கையை ஆட்டினால்கூட எரியாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். லேசர் உணரிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தூரத்தைத்தான் பார்க்கிறது, சூட்டை அல்ல.

கயத்தாற்றில் தூங்கி விழிக்கும் ராட்சதர்கள்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில் கயத்தாற்றை நெருங்கும்போது இருபுறமும் நிற்கும் காற்றாலைகளும் உணரியின் பேச்சைக் கேட்டுத் தூங்கி விழிப்பவைதான். தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் இந்தக் கயத்தாற்றில்தான் இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேகாத்துதான் இவற்றின் தீனி.

காற்றாலையின் உச்சியில், இறக்கைக்குப் பின்னால் இருக்கும் பெட்டியின் முதுகில், காற்றின் வேகத்தை அளக்கும் கருவியும் திசையைக் காட்டும் கருவியும் இருக்கும். காற்று விநாடிக்கு 3 அல்லது 4 மீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் ஆலை மின்சாரம் தரத் தொடங்கும். பல ஆலைகள் 25 மீட்டரைத் தாண்டினால் தம்மைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஒரு வீச்சு வந்ததும் விழித்து, அது ஓய்ந்ததும் படுத்தால் இயந்திரம் தேய்ந்துபோகும். எனவே கட்டுப்பாட்டுக் கணினி ஒரு நொடி அளவை நம்புவதில்லை. கொஞ்ச நேரத்தின் சராசரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். எழும்பும் அளவுக்கும் படுக்கும் அளவுக்கும் நடுவே சிறு இடைவெளியும் வைத்திருப்பார்கள். லேப்டாப் உணரியிலும் ‘எவ்வளவு தூரத்தில்’, ‘எவ்வளவு நேரம் கழித்து’ என்று அமைப்புகள் இருப்பது இதற்காகவே. அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டு உணரியைக் குறை சொல்பவர்கள் நிறைய.

இந்த ஆலைகளில் இன்னொரு நடைமுறை இருக்கிறது. பழுது பார்க்க ஏறுகிறவர் முதலில் ஆலையைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவார். அதன்பின் தூரத்து அலுவலகத்திலிருந்து யாரும் அதை இயக்க முடியாது. காற்று எவ்வளவு அடித்தாலும் ஆலை எழும்பாது. உணரி சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், கடைசிச் சொல் உள்ளே நிற்கும் மனிதனுடையது. தானாக விழிக்கும் எந்த இயந்திரத்திலும் நான் முதலில் தேடுவது அந்தச் சுவிட்சைத்தான்.

கரண்ட் வந்ததும் ஓடும் மோட்டார்

கரிசல் பெரும்பாலும் மானாவாரி. கிணறோ ஆழ்துளையோ இருக்கிற புஞ்சையில் மட்டும் மோட்டார் ரூம் தெரியும். தமிழ்நாட்டில் விவசாயிகள் எல்லாருக்கும் 1990 முதல் பம்புசெட் மின்சாரம் இலவசம். ஆனால் பல இடங்களில் மும்முனை மின்சாரம் குறித்த நேரத்தில்தான் கிடைக்கும். அது நடுராத்திரியாகவும் இருக்கலாம். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க வேண்டாமென்று வந்ததுதான் ஆட்டோ ஸ்டார்ட்டர். மூன்று முனையும் சரியாக வருகிறதா என்று பார்க்கும், சில விநாடி பொறுக்கும், மோட்டாரை எழுப்பிவிடும். இப்போது செல்போனிலிருந்தே இயக்கும் ஸ்டார்ட்டர்களும் வந்துவிட்டன. வேளாண்மைப் பொறியியல் துறை இவற்றுக்கு மானியமும் தருகிறது.

வசதிதான். ஆனால் கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போனது அந்த ஸ்டார்ட்டருக்குத் தெரியாது. வெறும் கிணற்றில் ஓடிய மோட்டார் சூடேறி காயில் கருகினால் ரீவைண்டிங் செலவு சம்சாரி தலையில். வெறும் ஓட்டத்தைத் தடுக்கும் அமைப்பு உள்ள ஸ்டார்ட்டரை வாங்குவது அதனால்தான் முக்கியம். அனுபவசாலிகள் செய்யும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஃபுட்வால்வைப் பார்க்கவோ பெல்ட்டை மாற்றவோ இறங்கும்போது ஸ்டார்ட்டரை ‘மேனுவல்’ பக்கம் திருப்பினால் மட்டும் அவர்களுக்கு ஆறாது. மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டையைப் பிடுங்கி, மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். எந்த நேரத்தில் மின்சாரம் வந்தாலும் அந்தக் கட்டை மடியில் இருக்கும்வரை மோட்டார் விழிக்காது.

மேசைக் கணினியிலும் இதே ஆட்டோ இருக்கிறது. மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானாக எழுகிறது என்றால் அது கோளாறு அல்ல. பயாஸ் அமைப்பில் ‘மின்சாரம் திரும்பினால் என்ன செய்ய’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அணைந்தே இருக்கும்படி மாற்றிவிட்டால் தீர்ந்தது.

பூட்டுவது இருக்கட்டும், எழுப்புவதை அணையுங்கள்

ஆள் உணரி இரண்டு வேலை செய்கிறது. நீங்கள் விலகினால் திரையை அணைத்துப் பூட்டுகிறது, நெருங்கினால் எழுப்புகிறது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, தொந்தரவு தாங்காமல் மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘பவர் அண்ட் பேட்டரி’ என்று போனால் இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான். பூட்டும் வசதியை வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்திலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ பத்திர எழுத்தர் மேசையிலோ அடுத்தவருடைய ஆதார் எண்ணும் நிலக் கணக்கும் திறந்து கிடக்கும். டீ குடிக்கப் போகும்போது திரையைப் பூட்ட மறப்பது மனித இயல்பு. அந்த மறதிக்கு உணரி காவல் நிற்கிறது. எழுப்பும் வசதி அப்படியல்ல. ஒரு விசையைத் தட்டும் வேலையை மட்டும்தான் அது மிச்சப்படுத்துகிறது. அதற்காக யார் நெருங்கினாலும் விழிக்கிறது.

மெயின் ரோட்டைப் பார்த்த கடலை மிட்டாய்க் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர் ஆர்டருக்காகக் கல்லாவில் லேப்டாப் வைத்திருக்கும் கடைகளில் திரை ரோட்டைப் பார்க்காமல் கடைக்காரரைப் பார்த்திருந்தால் நல்லது. ஆனாலும் கல்லாவுக்குப் பின்னால் சரக்கு எடுக்கப் பையன் குறுக்கும் நெடுக்கும் போய்வந்தால் ஒவ்வொரு நடைக்கும் திரை எழும். மேசை ஃபேன் திரும்பும்போது அசையும் திரைச்சீலையும், தள்ளிவிட்டுப் போன நாற்காலியும்கூட உணரியைக் குழப்பலாம். தூரத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் எழுப்பும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

லேப்டாப்பை ஓரமாக வைத்து, பெரிய மானிட்டரைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்குத் தலைகீழ்ச் சிக்கல் வரும். உணரி காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் தட்டச்சு செய்வதை நிறுத்தி யோசிக்கும் நேரத்தில் பூட்டிவிடும். லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள், அல்லது அந்த இடத்தில் மட்டும் பூட்டையும் அணைத்து வையுங்கள்.

அலுவலக ரக மாடல்கள் பலவற்றில் பயாஸிலேயே உணரியை அறவே நிறுத்தும் வழியும் உண்டு. நிறுவனத்தின் சொந்தச் செயலி தனியாக ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸில் அணைத்தாலும் உணரி வேலை செய்வதுபோலத் தோன்றும். அந்தச் செயலியையும் திறந்து பாருங்கள்.

ரேடார் இருந்ததால் இந்தியாவுக்கு வராத போன்

2019-இல் கூகுள் வெளியிட்ட பிக்சல் 4 போனில் ‘சோலி’ என்ற குட்டி ரேடார் இருந்தது. கை நெருங்குவதை உணர்ந்து போனைத் தயார்ப்படுத்தும். அது 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. அந்த அலைவரிசையை இப்படிப் பயன்படுத்த இந்தியாவில் அனுமதி இல்லாததால் போன் இங்கே விற்பனைக்கே வரவில்லை.

மைக்கும் ஸ்பீக்கரும் உளவு பார்க்கும்

தனி உணரியே இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. நார்வேயின் எலிப்டிக் லேப்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் லெனோவோ லேப்டாப்கள் சிலவற்றில் இருக்கிறது. ஸ்பீக்கர் வழியாகக் கேளா ஒலியை அனுப்பி, மைக் வழியாக எதிரொலியைப் பிடிக்கும். வௌவால் இருட்டில் பறக்கும் அதே வித்தை. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸோடு சரி. நாய்க்கு 40,000-ஐயும் தாண்டும். வீட்டில் சிப்பிப்பாறையோ கன்னியோ வளர்ப்பவர்கள், இப்படிப்பட்ட லேப்டாப்பைத் திறந்ததும் நாய் காதை நிமிர்த்துகிறதா என்று பாருங்கள். நிமிர்த்தினால் அந்த வசதியை அணைத்து வைப்பது அதற்குச் செய்யும் உதவி.

எழுப்பியது யார்?

உணரியே இல்லாத லேப்டாப்பும் ராத்திரியில் எழும். விசாரிக்க ஒரு வழி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் ஒட்டித் தட்டுங்கள். இடைவெளி விட்டு ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ‘லாஸ்ட்வேக்’. கடைசியாக எழுப்பிய சாதனத்தின் பெயர் வரும். புதிய லேப்டாப்களில் பல நேரம் இது வெறுமையாக இருக்கும். அவை முழுதாகத் தூங்காமல் அரைத்தூக்கத்தில் கிடப்பவை. அவற்றுக்கு நிர்வாகி அனுமதியோடு திறந்து, ‘லாஸ்ட்வேக்’ இருந்த இடத்தில் ‘ஸ்லீப்ஸ்டடி’ என்று தட்டினால் சமீப நாள்களின் தூக்கக் கணக்கு ஒரு பக்கமாகக் கிடைக்கும்.

குற்றவாளி பெரும்பாலும் மவுஸ்தான். பளபளப்பான மேசையில் வைத்த ஆப்டிகல் மவுஸ், யாரும் தொடாமலே நகர்ந்ததாக நினைத்துக்கொள்ளும். லாரி போகும் அதிர்வும் போதும். டிவைஸ் மேனேஜரில் மவுஸின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டால் அடங்கிவிடும். நடுராத்திரியில் புதுப்பிப்பு ஓடுவதற்காக எழுகிறது என்றால் பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட அமைப்பில் ‘வேக் டைமர்’களை நிறுத்துங்கள்.

தூரத்திலிருந்து வலைப்பின்னல் வழியாக எழுப்பும் ‘மேஜிக் பாக்கெட்’ என்ற செய்தி 102 பைட்தான். முதலில் 255 என்ற எண் 6 முறை, பிறகு அந்தக் கணினியின் முகவரி 16 முறை. கல்லூரி ஆய்வகங்களில் இரவோடு இரவாக எல்லாக் கணினிகளுக்கும் மென்பொருள் ஏற்ற இது அருமையான வழி.

காந்தம் பட்டால் உறங்கும்

மூடியைச் சாத்தியதும் லேப்டாப் தூங்குவது காந்தத்தால். மூடியில் ஒரு காந்தம், அடிப்பகுதியில் ஹால் உணரி. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவு அது. ஒரு லேப்டாப் மேல் இன்னொன்றைத் திறந்து வைத்தாலோ, காந்தப் பூட்டு உள்ள செல்போன் உறையை விசைப்பலகை ஓரம் வைத்தாலோ திரை பொசுக்கென்று அணைந்தால் பயப்படாதீர்கள். கீழேயோ ஓரத்திலோ இருப்பதை நகர்த்துங்கள்.

பைக்குள் சுடும் லேப்டாப்

கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு இது. மூடி வைத்த லேப்டாப் பைக்குள் எழுந்துவிட்டால் வெளியேற வழியில்லாமல் வெப்பம் தேங்கும். இறங்கும்போது பை சுடும், பேட்டரி காலி. மேக்புக்கைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் சொல்கிறது. நம் ஊர்ப் பகலுக்கு 35 சாதாரணம். லித்தியம் பேட்டரிக்கு, அதுவும் முழுச் சார்ஜில் இருக்கும்போது, சூடுதான் ஆயுளைக் குறைக்கும் எதிரி.

பயணத்துக்கு முன் ‘ஸ்லீப்’ வேண்டாம். ‘ஹைபர்னேட்’ கொடுங்கள். திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு மின்சாரத்தை அறவே துண்டித்துவிடும். ஆள் உணரிக்கும் மவுஸுக்கும் அப்போது அதை எழுப்பும் வேலையே இல்லை. விண்டோஸ் மெனுவில் ஹைபர்னேட் தெரியவில்லை என்றால், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்துக்குப் போங்கள். மங்கலாக இருக்கும் அமைப்புகளை மாற்ற மேலே ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தி, கீழே ஹைபர்னேட்டுக்கு எதிரே டிக் போட்டுச் சேமியுங்கள். அதே பக்கத்தில் மூடியைச் சாத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற வரியிலும், பேட்டரியில் ஓடும்போது ஹைபர்னேட் என்று வைத்துவிட்டால் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்து மூடினாலும் பாதகமில்லை.